அயர்ன் மெய்டன் ஆல்பம் சேர்க்கிறத 1988லயே நிறுத்தச் சொல்றது சரியில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராக் ரெக்கார்ட் சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ் பேப்பர்ல ஒரு முழுப் பக்கம் இதுக்கு ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா அயர்ன் மெய்டன்ங்கிற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்ட் பத்தி எழுதின இடத்துல, 1980லேருந்து 1988 வரைக்கும் வந்த ஏழு ஆல்பம் வாங்கினா போதும், அப்புறம் வந்ததெல்லாம் காசுக்குத் தண்டம்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அத நம்பி ஒரு காலேஜ் பையன் அந்த ஏழோட நிறுத்திட்டான்னா அவன் எவ்வளவு இழப்பான்னு நினைச்சா மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

கட்டுரையாளர் சொல்றதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். முதல் ஆல்பம் 1980, கில்லர்ஸ் 1981, நம்பர் ஆஃப் தி பீஸ்ட் 1982, பீஸ் ஆஃப் மைண்ட் 1983, பவர்ஸ்லேவ் 1984, சம்வேர் இன் டைம் 1986, செவன்த் சன் 1988, இந்த ஏழும் இல்லாம ஒரு ஹெவி மெட்டல் கலெக்‌ஷனே கிடையாது. 1990ல கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் வெளிய போனாரு, 1993ல பாடகர் புரூஸ் டிக்கின்சனும் போயிட்டாரு, கில்லர்ஸ்லேருந்து ஒவ்வொரு ஆல்பத்தையும் ப்ரொட்யூஸ் பண்ணின மார்ட்டின் பர்ச் 1992 ஆல்பத்தோட ஓய்வு வாங்கிட்டாரு. புரூஸுக்குப் பதிலா வந்த பிளேஸ் பேய்லி பாடின ரெண்டு ஆல்பம் 1995லயும் 1998லயும் வந்தப்ப பழைய ரசிகர்கள் பாதிப் பேர் விலகிட்டாங்க. இதெல்லாம் நடந்ததுதான், மறுக்கல.

ஆனா 1988ல கோடு போட்டீங்கன்னா ஃபியர் ஆஃப் தி டார்க் உங்ககிட்ட இருக்காது. அந்தப் பாட்டு 1992 ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. உலகத்துல எந்த ஊர்ல இவங்க கச்சேரி நடந்தாலும் அந்தப் பாட்டோட கிட்டார் மெட்டையே, வரி கூட இல்லாத இடத்துல, மொத்தக் கூட்டமும் வாயால பாடும், ரியோவுல 2001ல பதிவு பண்ணின லைவ் ஆல்பத்த கேட்டுப் பாருங்க தெரியும். அப்பேர்ப்பட்ட பாட்டோட ஸ்டூடியோ பதிவு இல்லாத ஒரு மெய்டன் கலெக்‌ஷன முழுசுன்னு எப்படி சொல்றது? பிரிட்டன்ல இவங்களுக்கு நம்பர் ஒன் ஆன ஒரே சிங்கிள் (தனியா விட்ட பாட்டு) கூட 1990 ஆல்பத்துலேருந்து வந்ததுதான், அந்த ஆல்பம் எனக்குப் பெருசா பிடிக்காது, இருந்தாலும் உண்மைய சொல்லணும்.

அதவிடப் பெரிய நஷ்டம் 2000. புரூஸும் ஏட்ரியனும் 1999ல திரும்பி வந்தாங்க, நடுவுல சேர்ந்த கிட்டாரிஸ்ட் ஜானிக் கெர்ஸ வெளிய அனுப்பாம மூணு கிட்டாரோட பேண்ட் ஆச்சு, பாரிஸ்ல உக்காந்து பிரேவ் நியூ வேர்ல்ட் பதிவு பண்ணாங்க. பழைய ஆளுங்க ஒண்ணு சேர்ந்தா பழைய பாட்ட வாசிச்சே காசு பாத்துட்டு போயிருக்கலாம், எத்தனையோ பேண்ட் அததான் பண்ணுச்சு, இவங்க புது ஆல்பம் எழுதினாங்க, அதுவும் பவர்ஸ்லேவ் பக்கத்துல வெக்கக்கூடிய ஆல்பம். 1998 ஆல்பம் கேட்டு வெறுத்துப் போயி வாங்குறத நிறுத்தினவங்க எத்தனை பேர் இத வருஷக்கணக்கா தவறவிட்டாங்கன்னு எனக்கு நேர்லயே தெரியும், எங்க செட்லயே ரெண்டு மூணு பேர் அப்படி.

சரி, அப்போ எப்ப நிறுத்துறது? எனக்கு ஒரு கணக்கு இருக்கு. வருஷத்த பாக்காதீங்க, பாடகர் யாருன்னும் பாக்காதீங்க, அந்த ஆல்பத்த பேண்டே மேடையில எவ்வளவு நம்புதுன்னு பாருங்க. புது ஆல்பம் விட்டுட்டு டூர்ல அதுலேருந்து ஒரே ஒரு பாட்ட மட்டும் ஒப்புக்கு வாசிச்சுட்டு மிச்ச நேரம் முழுக்க பழைய ஹிட்டையே ஓட்டுறாங்கன்னா, அந்த ஆல்பத்த அவங்களே கைவிட்டாச்சுன்னு அர்த்தம், நாம எதுக்கு ஆயிரக்கணக்குல குடுத்து இம்போர்ட் ரெக்கார்ட் வாங்கணும்? இன்னொண்ணு, பத்து இருபது வருஷம் கழிச்சு, விக்கிறதுக்கு எதுவும் இல்லாத நேரத்துல, அந்த ஆல்பத்துலேருந்து ஒரு பாட்டாவது திரும்ப மேடைக்கு வருதான்னு பாக்கணும்.

இந்தக் கணக்குல மெய்டன வெச்சுப் பாருங்க. 2006ல எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத் வந்தப்ப அந்த டூர்ல ஆல்பத்த முதல் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அப்படியே வரிசையா வாசிச்சாங்க, 72 நிமிஷ ஆல்பம் அது, பழைய பாட்டு கேட்டு கத்தினவங்க கத்திக்கிட்டே இருந்தாங்க, இவங்க அசரல. முப்பது வருஷம் தாண்டின ஒரு பேண்டுக்கு தன்னோட புது வேலை மேல அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சு. 2007 மார்ச்ல பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல, இந்தியாவுல இவங்களோட முதல் கச்சேரியில, நானும் கூட்டத்துல இருந்தேன், அங்கயும் அந்தப் புது ஆல்பத்துப் பாட்டு வந்துச்சு, எங்க ஆளுங்க அதையும் வரி வரியா கூடவே பாடினாங்க. அந்த ஆல்பத்தத்தான் காசுக்குத் தண்டம்னு ஒதுக்குறீங்களா?

இதே கணக்குல 1990ல வந்த நோ பிரேயர் ஃபார் தி டையிங் தேறாது. அந்தக் காலத்துக்கு அப்புறம் அதோட பாட்டுங்கள மேடையில பாக்குறதே அபூர்வம், முதல்ல அத விட்டுடலாம். ஆனா எல்லாரும் திட்டுற பிளேஸ் பேய்லி ஆல்பங்கள்லேருந்து சைன் ஆஃப் தி கிராஸ், தி கிளான்ஸ்மன் ரெண்டும் புரூஸ் குரல்ல திரும்ப வந்துச்சு, 2018ல ஆரம்பிச்ச டூர்ல கூட ரெண்டையும் வாசிச்சாங்க. ஆகவே 1995ல வந்த தி எக்ஸ் ஃபேக்டர் வாங்கலாம், இருட்டான ஆல்பம், ரெக்கார்டிங் வறண்டு கிடக்கும், ஆனா பொறுமையா கேட்டா பிடிச்சுக்கும். 1998ல வந்த வர்ச்சுவல் லெவன் எனக்கு தி கிளான்ஸ்மன் ஒண்ணுக்காக மட்டும்தான், அதுல ஒரு பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஓடும், ஒரே வரிய திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே. அத பழைய சிடியா கம்மி விலைக்கு கிடைச்சா மட்டும் எடுங்க. அதாவது எல்லாம் ஒரு வருஷத்தோட முடிஞ்சு போகல, நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, தாண்டினா மறுபடி மேடு.

2025ல தொடங்கின ஐம்பதாவது வருஷ டூர்ல முதல் ஒன்பது ஆல்பத்துப் பாட்டு மட்டும்தானே, அப்போ அவங்களே பழசுதான் உசத்தின்னு ஒத்துக்கிட்டாங்களேன்னு ஒருத்தர் கேக்கலாம். அது ஆண்டு விழா. அதுக்கு முந்தின டூர்ல, 2023லயும் 2024லயும், சென்ஜுட்சு ஆல்பத்துலேருந்து அஞ்சு பாட்டு வாசிச்சவங்கதான் இவங்க. அதுவும் போக, ஒன்பதாவது ஆல்பம்னா 1992, உங்க கட்டுரையாளர் போட்ட கோட்ட பேண்டே நாலு வருஷம் தாண்டித்தான் போட்டிருக்கு.

கடைசியா வந்த ஆல்பங்கள் மேல எனக்கும் குறை இருக்கு, அத மறைக்கல. நீளம். செவன்த் சன் 44 நிமிஷம், ஒரே எல்பி ரெக்கார்டுல அடங்கும், எந்த இடத்துலயும் தேவையில்லாதது கிடையாது. தி ஃபைனல் ஃபிரான்டியர் 76 நிமிஷம், புக் ஆஃப் சோல்ஸ் 92, சென்ஜுட்சு 82. எல்பி காலத்துல இடம் இல்லாததால வெட்ட வேண்டியிருந்துச்சு, மார்ட்டின் பர்ச்சுன்னு ஒரு ஆளும் பக்கத்துல இருந்தாரு. இப்ப வெட்டச் சொல்ல யாரும் இருக்கிற மாதிரி தெரியல, பேஸ் கிட்டார்ல மெதுவா ஒரு தொடக்கம், அதே மெட்டு முடிவுல மறுபடி, பேண்டோட பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதுற நீளப் பாட்டு பாதி இப்படித்தான். ஆனா அந்த நீளத்துலதான் எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸும் வந்துச்சு, 1930ல பிரான்ஸ்ல விழுந்து எரிஞ்ச ஆர்101 ஆகாயக் கப்பலப் பத்தி புரூஸ் தானே பியானோ வாசிச்சு பாடின 18 நிமிஷப் பாட்டு. அந்தப் பாட்டு இருக்கிற புக் ஆஃப் சோல்ஸ் பதிவு முடிஞ்ச பிறகுதான் அவருக்கு நாக்குல கேன்சர்னு தெரிஞ்சுது, சிகிச்சை முடிஞ்சு அவர் தேறுற வரைக்கும் ரிலீஸ தள்ளி வெச்சாங்க. சென்ஜுட்சுவோட கடைசிப் பாட்டு ஹெல் ஆன் எர்த், 11 நிமிஷம், அதுல ஒரு நிமிஷம் கூட எனக்கு வெட்ட மனசு வராது.

நிறுத்தணும்னா நான் நிறுத்தச் சொல்றது வேற இடத்துல. 1993ல மட்டும் மூணு லைவ் ஆல்பம் விட்டாங்க. அப்புறம் 1996, 1999, 2002, 2005, 2008, 2011ன்னு தொகுப்பு மேல தொகுப்பு, பெரும்பாலும் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கிற பாட்டுங்கதான். காசு கரையுறது அங்கதான். லைவ்ல 1985ல வந்த லைவ் ஆஃப்டர் டெத் ஒண்ணு, ரியோ கச்சேரி ஒண்ணு, ரெண்டு போதும். தொகுப்பு ஒண்ணு கூட வேண்டாம். அலமாரியில நம்பர் வரிசை விட்டுப் போகக் கூடாதுன்னு நோ பிரேயர வாங்கி பிரிக்காம வெக்கிற பழக்கமும் வேண்டாம், அந்தக் காசுக்கு பிரேவ் நியூ வேர்ல்ட் வாங்கி தேய தேய கேக்கலாம்.

இடம் இருந்தா அடுத்த ஞாயிறு 2000லேருந்து வந்த ஆறு ஆல்பத்தப் பத்தி அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்க, ஆறையும் முழுசா கேட்டுட்டு.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்