வீச்சுக்குக் கணக்கு வையுங்கள்: பாடசாலை பேஸ்போல் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலை மட்டத்தில் பேஸ்போல் போட்டிகளை ஒழுங்கு செய்வோருக்கும், அணிகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

நான் வெள்ளவத்தைக்காரன். கொழும்பில் பேஸ்போல் விளையாடியே தலை நரைத்துவிட்டது. நாட்டு அணிப் பக்கம் போனதில்லை. வார நாளில் கந்தோர், சனி ஞாயிறில் மைதானம், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த இடம் எப்போதும் கெச்சருடைய இடம். முகமூடியும் நெஞ்சுக் கவசமும் மாட்டிக்கொண்டு, மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருக்கிற ஆள். முழங்கால் இரண்டும் இப்போது மாடிப்படியைக் கண்டாலே முனகும். ஆனாலும் அங்கே குந்தியிருந்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: எதிரே 18.44 மீற்றர் தள்ளி நின்று பந்து வீசுகிற பிட்சரின் கை எந்த நேரத்தில் களைக்கத் தொடங்குகிறது என்பது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம், அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு என்பதை எழுத்தில் வையுங்கள். வைத்தால் போதாது, எண்ணவும் வேண்டும். நான் போய்ப் பார்க்கிற போட்டிகளில் ஓட்டத்தை எண்ணுகிறார்கள், பிழையை எண்ணுகிறார்கள், வந்த விருந்தினரைக்கூட எண்ணுகிறார்கள். வீச்சை எண்ண மட்டும் ஆளில்லை.

அண்மையில் ஒரு வார இறுதிப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மழையால் முந்தைய ஆட்டங்கள் தள்ளிப்போய், எல்லாவற்றையும் இரண்டு நாளுக்குள் திணித்திருந்தார்கள். ஓர் அணியில் ஒல்லியான பையன் ஒருவன், பதினைந்து வயதிருக்கும். காலை ஆட்டம் முழுவதையும் அவனே வீசினான். பின்னேரம் அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு ஓய்வு என்று நினைத்தேன். ஓய்வாம்! கெச்சராக நிறுத்தினார்கள். வந்த ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிந்துகொண்டிருந்தான். மறுநாள் காலை மறுபடியும் மவுண்டில், அதாவது பிட்சர் நின்று வீசுகிற மேட்டில், அவன்தான். மூன்றாவது இன்னிங்ஸிலேயே முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. பந்து கெச்சரின் தலைக்கு மேலே போகத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கையை உதறினான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்த நான், நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்ல மனவுறுதி" என்றார். அதில் மனவுறுதி எங்கே இருக்கிறது? நிறுத்தச் சொல்ல அவனுக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய பயிற்றுநரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பெரும்பாலானோர் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். நானும் ஒழுங்கையில் டெனிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்தான். கிரிக்கெட்டில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஓவர் போட முடியாது; ஆறு பந்து போட்டதும் மற்ற முனையிலிருந்து வேறொருவர் வந்தாக வேண்டும். 50 ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 10 ஓவர், அதாவது 60 பந்து. இருபதுக்கு இருபதில் 24. யாரும் உட்கார்ந்து யோசிக்கத் தேவையில்லை, விதியே கைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. பேஸ்போல் விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸையும் ஒரே ஆள் வீசினாலும் நடுவர் வாய் திறக்க மாட்டார். கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு இந்த ஓட்டை தெரிவதில்லை.

அதோடு, கிரிக்கெட் பந்துவீச்சில் முழங்கையை மடக்கி நிமிர்த்தினால் குற்றம். பேஸ்போலில் அந்த மடக்கி நிமிர்த்தல்தான் வீச்சே. முத்தையா முரளிதரனின் முழங்கை பட்ட பாடு நமக்கெல்லாம் தெரியும். 1995 இல் மெல்பேர்ன் டெஸ்டில் நடுவர் 'நோ போல்' சொன்ன நாளிலிருந்து எத்தனை ஆய்வுகூடம், எத்தனை கமரா! கடைசியில் எல்லோரும் 15 பாகை வரை முழங்கையை நிமிர்த்தலாம் என்று சர்வதேச விதியே வந்தது. மனிதர் 800 டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வுபெற்றார். ஒரு முழங்கையை அளக்க உலகம் இத்தனை மெனக்கெட்ட நாட்டில்தான் அந்த ஒல்லிப் பையனின் முழங்கையை அளக்க ஒரு பென்சிலும் தாளும் கிடைக்கவில்லை.

என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்காக: முழங்கையின் உட்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கிற நார் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீச்சிலும் இழுபடுவது அதுதான். 1974 இல் டொமி ஜோன் என்ற அமெரிக்க இடக்கைப் பிட்சருக்கு அது அறுந்தபோது, பிராங்க் ஜோப் என்ற வைத்தியர் அவருடைய வலக்கையிலிருந்து நார் எடுத்துப் பொருத்தினார். 1976 இல் திரும்பி வந்த ஜோன் 1989 வரை வீசினார். அந்தச் சத்திரசிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். இதைக் காட்டி, "கிழிந்தால் தைக்கலாம்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே கழகங்கள் காசு கட்டும், ஒரு வருடத்துக்கு மேல் பிசியோதெரபி கொடுக்கும். இங்கே யார் கட்டுவது? வளரும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நார் அறுவதற்கு முன்பே, அது ஒட்டியிருக்கிற எலும்பின் வளரும் பகுதி இழுபட்டு விலகலாம்.

பையன்கள் எல்லோரும் ஓதானி, ஓதானி என்கிறார்கள்; வீசவும் அடிக்கவும் வல்ல ஜப்பானிய நட்சத்திரம். நல்லது, எனக்கும் பிடிக்கும். அவருக்கே 2018 இலும் 2023 இலும் முழங்கையில் சத்திரசிகிச்சை நடந்தது. 2024 பருவம் முழுவதும் அவர் மவுண்டில் ஏறவே இல்லை. மட்டையை மட்டும் பிடித்து 54 ஹோம் ரன் அடித்தார். பையன்களிடம் இந்தப் பக்கத்தையும் சொல்லுங்கள்.

நமக்கு பேஸ்போல் சொல்லித் தந்த ஜப்பானைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜப்பானிய உதவி நிறுவனமான ஜெய்க்காவின் தொண்டர் பயிற்றுநர்கள் இல்லையென்றால் என் தலைமுறையில் பலர் கிளவ்வைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டோம். அங்கிருந்து வந்த பழைய கிளவ்களில் யாரோ ஒரு ஜப்பானியப் பையனின் பெயர் மையால் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாமலே வருடக்கணக்கில் அதை மாட்டிக்கொண்டு விளையாடினோம். கிரிக்கெட் மைதானங்களின் ஓரத்தில், மவுண்ட் இல்லாத சமதரையில், யாராவது வந்து துரத்தும் வரை ஆடிய எங்களுக்கு 2012 இல் ஹோமாகமவுக்குப் பக்கத்தில் தியகம மைதானம் கிடைத்தது. அதுவும் ஜப்பானின் உதவி. 2019 இல் மேற்காசியக் கிண்ணத்தை நம் அணி பாகிஸ்தானைத் தோற்கடித்துக் கொழும்பில் வென்றபோது, அந்த நன்றியை நினைக்காத பேஸ்போல்காரன் இருந்திருக்க மாட்டான்.

சரி, நன்றி வேறு. அவர்களிடமிருந்து கையை அடகு வைக்கிற வீரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம் என்பது என் அபிப்பிராயம். கோஷியன் எனப்படும் அவர்களது உயர்தரப் பாடசாலைப் போட்டியில் 1998 இல் மட்சுசாக்கா என்ற மாணவர் ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசியதை இன்றும் காவியமாகப் பேசுகிறார்கள். 2018 இல் யோஷிடா என்ற மாணவர் ஒரே தொடரில் 881 பந்து வீசினார். அதற்குப் பிறகுதான் அங்கேயே கேள்வி பலமாக எழுந்து, ஒரு வாரத்தில் ஒருவர் 500 வீச்சைத் தாண்டக்கூடாது என்ற விதி 2020 இல் வந்தது. என்னைக் கேட்டால் 500 உம் மிக அதிகம். ஆனால் பாருங்கள், ஆசான் திருத்திக்கொண்டதை மாணவர் நாம் இன்னும் பழைய பாடமாகவே வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்போலை நடத்துகிற லிட்டில் லீக் 2007 இலேயே இன்னிங்ஸ் கணக்கை விட்டு வீச்சுக் கணக்குக்கு மாறியது. அது சரியான மாற்றம். ஓர் இன்னிங்ஸ் ஒன்பது பந்தில் முடியலாம், நாற்பதும் ஆகலாம். நம் பாடசாலை ஆட்டங்களில் 'வோக்', அதாவது நான்கு பந்து தவறாக வீசி மட்டைக்காரனைச் சும்மா முதலாம் பேஸுக்கு அனுப்புவது, எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும்தானே. மூன்று இன்னிங்ஸ்தான் வீசினான் என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை. அங்குள்ள பேஸ்போல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டலில் 13 முதல் 16 வயது வரை ஒரு நாளுக்கு 95 வீச்சு, 17–18 வயதில் 105. பதினைந்து வயதுப் பையன் 75 ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. 30 க்குள் நின்றால் மட்டும் மறுநாளே வீசலாம். வீசிய பையனை கெச்சராக நிறுத்தாதீர்கள் என்றும் அதில் இருக்கிறது. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்த பதின்ம வயதினர் சத்திரசிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. வளைபந்து போட்டால்தான் கை கெடும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தோம். களைப்பைப் பற்றி எவரும் பேசவில்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "எங்களிடம் பிட்சர் ஒருவன்தான் இருக்கிறான்." ஏன் ஒருவன்? அவனே எல்லாவற்றையும் வீசலாம் என்று விதி விடுவதால். வரம்பு வந்தால் அடுத்த பருவத்துக்குள் ஒவ்வோர் அணியும் மூன்று பேரைத் தயார் செய்திருக்கும். இதைப் பயிற்றுநரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடவும் முடியாது. எதிரணி தன் நல்ல பையனை வைத்துக்கொண்டே இருக்கும்போது நான் மட்டும் என் பையனை நிறுத்தினால், தோற்பது நான். அதிபரிடம் பதில் சொல்வதும் நான். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக, போட்டி விதியாகவே வர வேண்டும்.

வரம்பு என்றால் அவன் வாங்கில் குந்தியிருக்க வேண்டும் என்றும் இல்லை. முதலாம் பேஸில் நிறுத்துங்கள், அல்லது பிட்சருக்குப் பதிலாக அடிக்க வருகிற டி.எச். ஆக மட்டை பிடிக்கட்டும். டி.எச். முறையில் எனக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. பந்து பிடிக்காமல் அடிக்க மட்டும் வருகிறவன் எனக்கு அரை ஆட்டக்காரன். ஆனாலும் பாடசாலை மட்டத்தில் அதற்கு இந்த ஒரு பயன் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கம், அமெரிக்கப் பெரிய லீக்கில் 2023 இல் வந்த, குறித்த நொடிக்குள் வீசச் சொல்கிற வீச்சுக் கடிகாரத்தை இங்கேயும் வைக்க வேண்டும் என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளிடம் வேண்டாம். இரண்டு வீச்சுக்கு நடுவே அவன் எடுக்கிற மூச்சையும் பிடுங்கவா?

மழைதான் பெரிய பிரச்சினை என்பது உண்மை. ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர இடிமழையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. அதனால் அட்டவணை போடும்போதே ஒரு மாற்று வார இறுதியை ஒதுக்கி வையுங்கள். அதுவும் இயலாவிட்டால் ஆட்டத்தை ஏழு இன்னிங்ஸாக்குங்கள், பத்து ஓட்ட வித்தியாசத்தில் முடித்துவிடுங்கள். ஆட்டத்தின் நீளத்தில் கை வைப்பது எனக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

நடைமுறை ஒன்றும் பெரிய காரியமில்லை. ஸ்கோர் தாளில் ஒரு நிரல் கூடுதலாக வேண்டும். இரு அணியிலும் வெளியே இருக்கிற ஒரு பையன் எண்ணட்டும், ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் இருவரும் ஒப்பிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். மட்டை பிடிப்பவன் நிற்கும்போது வரம்பு வந்தால் அவனை முடித்துவிட்டு மாறலாம். லிட்டில் லீக்கில் அப்படித்தான். விதித் தாளை மூன்று மொழியிலும் அச்சிட்டு மைதானத்தில் ஒட்டுங்கள், பெற்றோரும் வாசிக்கட்டும்.

எண்ண ஆள் இல்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். முழங்கால் போன பழைய ஆட்டக்காரர் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம், சனிக்கிழமைகளில் வீட்டிலும் எங்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. 138 பஸ்ஸில் ஏறி ஹோமாகமவுக்கு நாங்களே வந்துவிடுவோம். ஒரு கதிரையும் மத்தியானத்துக்கு ஒரு சோற்றுப் பார்சலும் போதும். பென்சில் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய கெச்சர்