சக்தி குழுவில் விட்டுப்போன ஒரு பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜான் மெக்லாக்லினின் கிடாரும் எல். சங்கரின் வயலினும் ஜாகிர் உசேனின் தபேலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்த 'சக்தி' இசைக்குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்ததிலிருந்து இந்தக் குழுவைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் பழைய இசைத்தட்டுகளை உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அதற்கு முதலில் நன்றி. அப்புறம் இரண்டு மூன்று மனத்தாங்கல்கள்.

நான் வித்வான் இல்லை. தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுகிறவன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கரித்தூளையும் காய்ச்சித் தண்டியின் மேல் திட்டாக வைத்து, அதில் 24 மெட்டுகளையும், அதாவது தந்திக்கு அடியில் வரும் உலோகக் கட்டைகளை, சுருதி பார்த்துப் பதிக்கிற வேலை. அதனால் கச்சேரி என்றால் என் கண் முதலில் வாத்தியத்தின் மேல்தான் போகும்.

'கிழக்கும் மேற்கும் கைகோத்த இசை' என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருந்தீர்கள். யார் கிழக்கு, யார் மேற்கு? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்துக்காரரான ஜான் மெக்லாக்லின், மைல்ஸ் டேவிஸோடு ஜாஸ் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று மின்சார கிடாரில் காதைப் பிளந்தவர். அவர் சக்திக்காகக் கையில் எடுத்தது மின்சாரமே இல்லாத கிடார். ஏபிரகாம் வெக்டர் என்கிற கைவினைஞர் செய்தது. அதில் மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் இருக்கும் மரத்தைப் பள்ளமாகச் சுரண்டியிருந்தார்கள். வழக்கமான ஆறு தந்திக்கு அடியில், 45 டிகிரி சாய்வில், ஒத்து முழங்குவதற்கென்று தனியாக ஏழு தந்திகள்.

மரத்தை ஏன் சுரண்ட வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், சொல்கிறேன். வீணையில் மெழுகுத் திட்டு இரண்டு ஓரத்திலும்தான் இருக்கும். நடுவில் தந்திக்குக் கீழே வெற்றிடம். விரல் எதன் மேலும் உரசாமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகலாம். ஒரே மெட்டில் நின்றபடி இரண்டு மூன்று ஸ்வரம் எட்டிப் பிடிக்கலாம். ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் வருவது அங்கேதான். கிடாரில் தந்தியை அழுத்தினால் விரல்நுனி மரத்தில் முட்டிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் மெக்லாக்லின் படத்தைப் போனில் காட்டி, தன் கிடாரையும் அதே மாதிரி ஆக்கித் தரச் சொன்னான். அரைவட்ட அரத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் ராவினேன். வீணைக்கு எடுக்கிற பலா மரமாக இருந்தால் கை பாட்டுக்கு ஓடும். இது என்ன மரமோ, பயந்து பயந்துதான் செய்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தான். "அண்ணே, எந்த மெட்டில் வைத்தாலும் சுருதி ஏறிப் பேசுது, கெடுத்துட்டீங்க" என்றான். வாங்கி வாசித்துப் பார்த்தேன். வாத்தியத்தில் கோளாறு இல்லை. முட்டுவதற்கு மரம் இருந்த பழக்கத்தில் பையன் ஓங்கி அழுத்துகிறான். பள்ளத்துக்குள் தந்தி இறங்கினால் சுருதி ஏறத்தானே செய்யும்? வீணை கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு டீச்சர்கள் முதல் மாதம் முழுக்கச் சொல்வது இதுதான்: தொடு, அமுக்காதே.

மெக்லாக்லினுக்கு அந்தத் தொல்லை வந்திருக்காது. குழு தொடங்குவதற்கு முன்பே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். விரல் முதலில் மாறியது, மரம் பிறகு மாறியது. கட்டுரையில் ராமநாதன் ஒரு இடத்தில் வருகிறார், பாவம், பெயர்கூட இல்லாமல் 'இந்திய ஆசிரியர் ஒருவர்' என்கிற அளவில். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

எதிர்ப்பக்கம் பாருங்கள். எல். சங்கர் வாசித்த வயலின் நம் ஊருக்கு வந்து இருநூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. அவர் பிறந்தது சென்னை, வளர்ந்தது யாழ்ப்பாணம், தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்துக்கொண்டிருந்தார். 1958இல் இலங்கையில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பின்னால் 'ரிமெம்பர் சக்தி' என்று குழு மறுபடி கூடியபோது அதில் சேர்ந்த யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை என்ன செய்தார்? ஜோடி ஜோடியாக இருக்க வேண்டிய தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி போட்டுக்கொண்டார், கமகத்துக்காக. அவருடைய குரு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர், பாட்டுக்காரர். அவர் பாடப் பாட, பையன் தந்தியில் தேடித் தேடிப் பிடித்தான். ஆக யார்க்‌ஷயர்க்காரர் கிடாரை வீணைப் பக்கம் இழுக்கிறார், ஆந்திரத்துப் பாலக்கொல்லுக்காரரான ஸ்ரீநிவாஸ் ஐரோப்பிய மாண்டலினைப் பாட்டுப் பக்கம் இழுக்கிறார். இதில் கிழக்கு மேற்கு என்று கோடு கிழித்தால் எந்த இடத்தில் கிழிப்பது?

என்னைக் கேட்டால் அந்த மேடையில் பெரிய இடைவெளி வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில்தான். தபேலாக்காரர் 'டேக்கா' என்று தாளத்தின் சொற்கட்டையே திரும்பத் திரும்ப வாசித்து ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றை, காட்டிக்கொண்டிருப்பார். நம் பக்கம் தாளத்தைக் கையால் தட்டி எண்ணிக்கொள்கிறோம். மிருதங்கமும் கடமும் பாட்டின் பின்னால் சங்கதிக்குச் சங்கதி போகும். பெயர்கூட ஒத்துவராது. 'ரூபக்' தாளம் என்றால் அங்கே ஏழு மாத்திரை, நமக்கு ரூபகம் ஆறு. ஜாகிர் உசேன் பஞ்சாப் கரானா என்கிற வாசிப்பு மரபைச் சேர்ந்தவர், தபேலா மேதை அல்லா ரக்காவின் மகன். பக்கத்தில் விக்கு விநாயக்ராம். 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடியபோது கடம் வாசித்தவர். தபேலாவைச் சுத்தியால் தட்டித் தட்டிச் சுருதி கூட்டலாம். கடத்துக்குச் சுருதி சூளையிலேயே முடிந்துவிடுகிறது. வேறு சுருதி வேண்டுமென்றால் வேறு பானைதான்.

இந்த இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்து, வாசிப்பை முடித்துவைக்கிற தீர்மானத்தில் ஒன்றாக வந்து விழுகிறார்கள். முதல் இசைத்தட்டைக் கேளுங்கள், 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. தாளச் சொற்களை வாயால் சொல்கிற கொன்னக்கோல் அந்த இடத்தில் பொதுப் பாஷையாகிவிட்டது என்று நினைக்கிறேன். மெக்லாக்லின் பிற்பாடு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடமே டிவிடியாகப் போட்டார்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அந்த முதல் இசைத்தட்டில் வாசித்தவர்கள் நாலு பேர் இல்லை, ஐந்து பேர். ஐந்தாமவர் மிருதங்கம் ராம்நாடு ராகவன், பாடகர் ராம்நாடு கிருஷ்ணனின் தம்பி. அடுத்த இரண்டு தட்டுகளில் அவர் இல்லை. அதனால்தானோ என்னவோ எல்லோரும் நாலு பேர் என்றே எழுதுகிறார்கள். உங்கள் கட்டுரையும் அப்படியே எழுதிவிட்டது. 2024இல் கிராமி வாங்கிய கடைசி அணி வரைக்கும், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் என்று ஒருவர் விடாமல் பட்டியல் போட்டவர் இவரை விட்டிருக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் பக்கத்து ஊரில் 'ஃப்யூஷன்' என்று நோட்டீஸ் ஒட்டி ஒரு கச்சேரி. டிரம்ஸுக்கு மட்டும் ஆறு மைக், கடத்துக்கு ஒன்று, அதுவும் பாதி நேரம் வேலை செய்யவில்லை. கடக்காரர் கை ஓடுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. கீபோர்டுக்காரர் காம்போதி ராகம் என்று சொல்லிவிட்டு, ஸ்வரத்தைக் கட்டையில் குத்திக் குத்தி வைத்தார். ஒருவரும் தன் வாத்தியத்தில் ஒரு மெட்டைக்கூட நகர்த்தவில்லை. வேண்டாம், அதை விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் மெக்லாக்லினின் முகத்துக்காகக் கிடாரைக் கழுத்தோடு வெட்டிவிட்டீர்கள். குறுக்குத் தந்தி ஏழும் அந்த வெட்டில் போய்விட்டன. முழுப் படம் உங்களிடம் இருந்தால் ஏதாவதொரு இதழில் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். அந்தப் பையன் இப்போதும் கடைக்கு வந்து போகிறான், அவனுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வீணைக்கு மேளம் கட்டும் ஒரு வாசகன்,
தஞ்சாவூர்