சிப் போட்டாயிற்று, படிப்பது யார்? பெருநகர சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் கால்நடை மருத்துவப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மைக்ரோசிப் இல்லாத வீட்டு நாய்க்கு உரிமம் கிடையாது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் அறிவித்தீர்கள். அந்த முடிவை மனமார வரவேற்கிறோம். தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாயின் கழுத்துப்பட்டை எங்காவது வேலிக் கம்பியில் சிக்கிக் கழன்றுவிடும். தோலுக்கடியில் இருக்கும் சிப் கழலாது. ஆனால் அதில் பதிந்திருப்பது ஓர் எண் மட்டுமே. எண்ணைப் படிக்க ஆள் இல்லாவிட்டாலும், படித்த எண்ணுக்கு எதிரே சரியான போன் நம்பர் இல்லாவிட்டாலும், அந்த நாய் தெருநாயாகவே சாகும். சிப் போடும் வேலைக்குக் காட்டிய வேகத்தை இந்த இரண்டிலும் காட்ட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில், மக்களிடம் பரவியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தை உங்கள் அறிவிப்பிலேயே திருத்துங்கள். சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. சுமார் 12 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள கண்ணாடிக் குழல் அது. உள்ளே பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில்தான் ஒரு நொடி உயிர் பெற்று எண்ணைச் சொல்லும். செல்போனில் உள்ள என்எஃப்சி (அருகில் வைத்துத் தகவல் படிக்கும் வசதி) வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில், அதனால் போனை நாயின் முதுகில் வைத்துத் தேய்த்துப் பயனில்லை. இதெல்லாம் தெரியாமல், "சிப்தான் இருக்கிறதே" என்று கழுத்துப்பட்டையையும் பெயர்த்தகட்டையும் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும். தகடு இருந்தால் பக்கத்துத் தெருக்காரரே போன் செய்துவிடுவார்.

வாங்கும் சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேசத் தரங்களுக்கு உட்பட்டதாக, 15 இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும். முதல் மூன்று இலக்கம் 356 என்றால் இந்தியாவுக்குரிய நாட்டுக் குறியீடு. 900 முதல் 998 வரை இருந்தால் தயாரிப்பாளரின் குறியீடு. 999 என்று தொடங்குவது சோதனைக்கானது, நாய்க்குள் போகவே கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த வயதான நாய்களிடம் 125 கிலோஹெர்ட்ஸில் பேசும் 9 அல்லது 10 இலக்கச் சிப் இருக்கலாம். 134.2 மட்டும் படிக்கும் ஸ்கேனர் அந்த நாயைச் "சிப் இல்லை" என்று சொல்லிவிடும். டெண்டர் விடும்போது இரண்டையும் படிக்கும் கருவியைக் கேளுங்கள்.

முகாம் நெரிசலில் தவறுகள் நடப்பது ஊசி போடும் கையில் அல்ல, வரிசை முறையில். பத்துப் பாக்கெட்டை மொத்தமாகப் பிரித்து வைத்தால் ஸ்டிக்கர்கள் கலந்துவிடும். ஒரு நாயின் எண் இன்னொரு நாயின் அட்டையில் ஏறும். ஒவ்வொரு நாய்க்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஏற்கெனவே சிப் உண்டா என்று நாயை ஸ்கேன் செய்வது, ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமலே ஸ்கேன் செய்து ஸ்டிக்கரோடு ஒப்பிடுவது, பொருத்துவது, நாயின் மேல் மறுபடி ஸ்கேன் செய்வது, அதன் பிறகே பதிவு. கடைசி ஸ்கேனை விட்டால், ஊசியோடு வெளியே வந்து ரோமத்தில் தங்கிய சிப் மேசையடியில் கிடக்கும். உரிமம் மட்டும் வீடு போய்ச் சேரும். பழைய சிப் ஒன்று இருந்து அது வேலை செய்கிறது என்றால் இன்னொன்று போடத் தேவையில்லை. இரண்டு இருந்தால் இரண்டு எண்ணையும் பதியுங்கள்.

இடம், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, நடுக்கோட்டில், தோலுக்கடியில். தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசியின் சாய்வு முனை மேலே பார்க்கச் செலுத்த வேண்டும். தோலுக்குள்ளேயே நின்றுவிட்டால் உடல் அதை வெளியே தள்ளும். தசைக்குள் இறங்கினால் வலிக்கும். ஊசியை எடுக்கும்போது துளையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்கும் சின்னக் குட்டிகளுக்கும் 8 மி.மீ. நீளமும் 1.4 மி.மீ. தடிமனும் உள்ள சிறிய சிப் நல்லது; அதன் ஊசி மெல்லியது. ஆனால் சிறிய சிப்பை ஸ்கேனர் இன்னும் நெருங்கினால்தான் படிக்கும். பாக்கெட்டின் காலாவதித் தேதி ஊசியின் கிருமிநீக்கத்துக்கானது. அதைத் தாண்டியதைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி ஸ்கேன். இதில்தான் எங்கள் கவலை அதிகம். நாயின் முதுகுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஸ்கேனரை ஒரு வீச்சு வீசிவிட்டு "இல்லை" என்று எழுதுவது ஸ்கேன் ஆகாது. கைக்கடக்கமான கருவிகள் சில செ.மீ. தூரமே படிக்கும்; ரோமத்தைத் தொட்டபடி, அரை அடிக்கு ஒரு விநாடி என்ற நிதானத்தில், எஸ் வடிவில் நகர்த்த வேண்டும். சிப் கிடக்கும் கோணத்தைப் பொறுத்து அலை பிடிபடாமல் போகும். ஆகவே கருவியைச் சற்றுச் சாய்த்து, நீளவாட்டில் ஒரு முறை, குறுக்குவாட்டில் ஒரு முறை. சிப் நகரும்: தோளில், முன்னங்கால் முழங்கை வரை, மார்பில் தேடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த நாய்க்குக் கழுத்தின் இடப்பக்கம் இருக்கலாம். இரும்புச் சங்கிலியைக் கழற்றுங்கள். எஃகு மேசையும் பக்கத்திலிருக்கும் கணினித் திரையும் குறுக்கிடும். கருவியின் பேட்டரி இறங்கியிருந்தால் அது பொய் சொல்லும். காலையில் ஒரு சோதனைச் சிப்பைப் படிக்க வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

நாய் பிடிக்கும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஸ்கேனர் இருக்கட்டும். கூண்டில் ஏற்றும் முன்பே படித்தால், வழிதவறிய வீட்டு நாய் அதே தெருவிலிருந்து வீடு திரும்பும். தெருநாய்களுக்கும் சிப் போடுகிறீர்கள். அதிலும் ஒரு பெரும் பயன் உண்டு. பிடித்த இடத்திலேயே நாயைத் திருப்பிவிட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. காது வெட்டு, கருத்தடை ஆனதை மட்டும் சொல்லும். எந்தத் தெரு என்று சொல்லாது. சிப் எண்ணோடு பிடித்த இடத்தையும் வெறிநோய்த் தடுப்பூசித் தேதியையும் சேர்த்தால் இடம் மாறிப்போகும் குழப்பம் தீரும்.

பதிவேட்டுக்கு வருகிறோம். அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், சிப் உள்ள நாய்களில் 52.2 விழுக்காடு உரிமையாளரிடம் சேர்ந்தன. சிப் இல்லாதவையும் சேர்த்து, அங்கே வந்த தெருவில் பிடிபட்ட நாய்கள் மொத்தத்தில் அந்த அளவு 21.9 விழுக்காடுதான். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர். சென்னையில் வாடகை வீடும் சிம் கார்டும் மாறும் வேகம் உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பிச் சரிபாருங்கள். இரண்டாவது ஒருவரின் நம்பரையும் கட்டாயமாக்குங்கள். நாய் கைமாறினால் இருவரின் ஒப்புதலோடு இணையத்திலேயே பெயர் மாற்றும் வழி வேண்டும். செத்துப்போனால் பதிவை முடிக்கவும் வழி வேண்டும்.

15 இலக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். ஸ்டிக்கரின் பார்கோடிலிருந்து ஏற்றுங்கள். எக்செல் தாளில் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றாவிட்டால் எண் 9.56E+14 என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். ஒரு மண்டலத்தின் பதிவு முழுவதும் இப்படி அழியலாம்.

தொலைந்த நாயைக் கண்டவர் எந்தக் கிளினிக்கிலும் எண்ணைப் படித்து, ஒரு பொதுப் பக்கத்தில் உள்ளிட வசதி வேண்டும். உரிமையாளரின் முகவரியைக் காட்ட வேண்டாம். அவருக்குக் குறுஞ்செய்தி போனால் போதும். தனியார் கிளினிக்கில் போட்ட சிப்பும் இதே பதிவேட்டில் இருக்க வேண்டும்.

விற்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம். எட்டு வாரத்துக்குள் போட்டு, குட்டியை ஈன வைத்தவரே முதல் பொறுப்பாளராகப் பதிய வேண்டும். இங்கும் அப்படிச் செய்தால், கைவிடப்பட்ட குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு முகவரி கிடைக்கும்.

வெளிநாடு கொண்டுபோகிறவர்களுக்காக ஒன்றை முகாம் ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் நாய்க்குச் சிப் முதலில், வெறிநோய்த் தடுப்பூசி அதே நாளிலோ பிறகோ. தடுப்பூசி முந்திவிட்டால் அது செல்லாது. அதன்பின் 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். முகாமில் ஊசியும் சிப்பும் ஒரே மேசையில் நடப்பதால் சிப்புக்கு முதலிடம் கொடுத்து, இரண்டின் தேதியையும் அட்டையில் எழுதினால் போதும்.

அடுத்த தீபாவளிக்கு முன் இந்த இரண்டையாவது செய்யுங்கள்: வண்டிகளில் ஸ்கேனர், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். வெடி தொடங்கும் வாரத்துக்கு முன்பே எல்லா உரிமதாரருக்கும் "உங்கள் நம்பர் இன்னும் இதுதானா?" என்று ஒரு குறுஞ்செய்தி போகட்டும்.

இப்படிக்கு,
சென்னையில் நாய்களுக்குச் சிப் பொருத்தும், படிக்கும் பணியில் இருப்போர்