ஆத்தாவின் பூக்கணக்கு

அன்புள்ள ஊராருக்கும் உறவினருக்கும்,

எங்களைப் பெற்ற ஆத்தாவின் காரியம் முடிந்து நான்கு நாட்கள் ஆகின்றன. அதற்கு முந்தைய வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதை உடனிருந்து பார்த்தவர்கள் நீங்கள். அவற்றை மீண்டும் எழுத எனக்கு மனமில்லை. மருத்துவமனையில் முறைவைத்துக் காத்திருந்த பங்காளிகள், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு ஆச்சிமார், சிங்கப்பூரிலிருந்து தம்பி வந்து சேரும்வரை பொறுத்திருந்த பெரியவர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயினும் இந்த மடலை எழுதவைத்தவர் எங்கள் வீதிப் பூக்காரம்மா. காரியத்துக்கு மறுநாள் விடியற்காலையில், வழக்கம்போல இரண்டு முழம் கதம்பத்தோடு அவர் முகப்பில் வந்து நின்றார். இனிப் பூ வேண்டாம் என்று சொல்லவே நான் எழுந்து போனேன். "தை முடிய ஆச்சி பணம் குடுத்துட்டாக. அவுக கணக்க நீங்க எப்படி நிறுத்துவீக?" என்று கேட்டு, படத்துக்குப் போடும்படி பூவை என் கையில் வைத்தார். பிறகு, யாரோடும் பேசாமல் தூணோரம் சாய்ந்திருந்த எங்கள் தந்தையான அப்பச்சியைப் பார்த்து, "ஐயா, இந்நேரம் ஆச்சி எனக்குக் காப்பி தருவாக. நீங்களும் குடிச்சாத்தான் நான் குடிப்பேன்" என்றார். பிள்ளைகள் மூவரும் கெஞ்சியும் தம்ளரைத் தொடாதவர் அன்று குடித்தார். குடித்துவிட்டு, ஆத்தா 19 வயதில் இந்த வீட்டுக்கு வந்ததையும், அந்த ஆண்டின் முதல் மழைக்கு நடுமுற்றமான வளவின் நான்கு மூலையிலும் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்து, நனைந்த சேலையோடு நின்று சிரித்ததையும் அந்த அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார். விற்க வேண்டிய பூ கூடையில் வாடிக்கொண்டிருக்க, அவர் எழுந்து போகவில்லை.

மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கட்டி எங்களுக்கு அனுப்பிய ஆத்தாவைத்தான் நாங்கள் அறிவோம். விடியலில் திண்ணையில் அமர்ந்து, பூ கொண்டுவந்தவரின் குடும்பக் கதையைக் கேட்டுக் காப்பி ஆற்றிய ஆத்தாவை, வெளியூரில் வாழ்ந்த நாங்கள் அறியவே இல்லை. இது என்னை உறுத்துகிறது.

நகரத்தார் வீடுகளில் கொள்ளும் பிள்ளையார் நோன்பன்று ஆத்தா இழைமாவு பிடித்து வைக்க, 21 நூல் திரித்த இழையாகிய திரியை அப்பச்சி அதில் வைத்து ஏற்றி எடுத்துத் தருவார்; அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். சில ஆண்டுகளாக நாங்கள் அவரவர் இருக்கும் ஊரிலேயே இழை எடுத்துக்கொண்டோம். துக்க ஆண்டு கழிந்து வரும் நோன்புக்கு, ஆத்தாவை அப்பத்தா என்றும் ஆயா என்றும் அழைத்த பேரப்பிள்ளைகள் ஒருவர் விடாமல் கோட்டையூர் வீட்டில் இருப்பார்கள். மாவை நான் பிடிப்பேன்.

பூக்காரம்மா, தைக்குப் பிறகு கணக்கை என் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பியை அப்பச்சியே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
மூத்த மகள்