சுகாதார ஆய்வாளர்களை மறக்கலாமா?

ஐயா,

ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து (1901–1910) லண்டன் புறநகர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, ரயில் பாதைகளையும் புதிய வீதிகளையும் விரிவாகச் சொன்னபோதிலும், அங்கே வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் ஏறி இறங்கிய சுகாதார ஆய்வாளர்களைப் பற்றி ஒரு வரியும் சொல்லாதது வருத்தமளிக்கிறது. டாட்டன்ஹாம், வில்லெஸ்டன் போன்ற ஊர்களின் மருத்துவ அதிகாரிகள், இந்த ஆய்வாளர்களின் பணியையும் சேர்த்து ஆண்டுதோறும் அளித்த அறிக்கைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

பொதுத் தங்கும் விடுதிகளின் சுவர்களுக்கு ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்பது 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். நிலவறைகளில் இயங்கிய ரொட்டி அடுமனைகள், உள்ளாட்சி மன்றத்தின் தகுதிச் சான்று இல்லாமல் 1904 ஜனவரி முதல் இயங்கக் கூடாது என்று 1901ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. சிறு அடுமனைக்காரர்களுக்கு இது பெரும் செலவுதான். ஆயினும் காற்றும் வெளிச்சமும் இல்லாத குழியில் இரவெல்லாம் மாவு பிசைந்த தொழிலாளியின் நுரையீரலை வேறு யார் காத்திருப்பார்கள்?

வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுத்தவர்களின் பெயர், முகவரிப் பட்டியலை முதலாளிகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்ற விதியை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். பெரியம்மை கண்ட வீட்டில் உடை தைக்கக் கொடுப்பதையே அந்த 1901ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முகவரி தெரியாமல் அதை எப்படிக் கண்டறிவது?

இவ்வறிக்கைகளைக் கொண்டு தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி