பட்டியலில் பெயர் இருக்கிறது, மறுமுனையில் ஆள் இல்லை: மனநல உதவிப் பட்டியல் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மனநல உதவிக்கான பட்டியல்களை வெளியிடும் மருத்துவமனைகள், தொண்டு அமைப்புகள், காப்பீட்டு நிறுவனங்கள், கல்லூரிகள், தொழில்முறைச் சங்கங்கள் ஆகியோருக்கும், அந்தப் பட்டியல்களில் பெயர் கொடுத்திருக்கும் தெரபிஸ்ட்களுக்கும்,

வணக்கம். "பக்கத்தில் நல்ல தெரபிஸ்ட் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டு வருபவர்களுக்கு வழி சொல்வது எங்கள் வேலை. அதற்காக நாங்கள் முதலில் கையில் எடுப்பது உங்கள் பட்டியல்களைத்தான். அவற்றைத் திருத்தச் சொல்லிக் கேட்கவே இந்த மடல்.

மனச்சோர்வு ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது தெம்பை. பிறகு முடிவெடுக்கும் திறனை. பிறகு, இது சரியாகும் என்ற நம்பிக்கையை. மூன்றையும் இழந்து நிற்பவரிடம் நாற்பது பெயர்களை நீட்டி, "இதில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்" என்கிறோம். இரண்டு மூன்று அழைப்புக்கு மேல் அவருக்குத் தாங்காது. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் "இப்போது புதியவர்களைப் பார்ப்பதில்லை" என்று பதில் வருகிறது. எனக்கு உதவ யாருமில்லை என்று நோய் அவர் காதில் ஓதிக்கொண்டிருந்ததை இந்த மூன்று அழைப்புகள் நிரூபித்துவிடுகின்றன. அவர் நான்காவது எண்ணைத் தொடுவதில்லை.

இது எங்கோ ஒரு பட்டியலில் மட்டும் இருக்கும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 2023-ல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு அலுவலர்கள் 6 மாநிலங்களில் 12 காப்பீட்டுத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பட்டியல்களில் இருந்த 120 மனநலச் சேவையாளர்களை நோயாளியின் சார்பில் அழைப்பதுபோல் அழைத்துப் பார்த்தார்கள். நேரம் வாங்க முடிந்தது 18 சதவீத அழைப்புகளில் மட்டுமே. மற்றவற்றில் எண் தவறு, பதில் இல்லை, அல்லது இடமில்லை. பணமும் பணியாளர்களும் உள்ள நிறுவனங்களின் பட்டியல்களே இப்படி என்றால், ஒரு தன்னார்வலர் என்றோ தொகுத்துவிட்டுப் போன பட்டியலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று ஒரு கட்டம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தேதி புதுப்பிக்கப்பட வேண்டும். மின்னஞ்சல் அனுப்பி "விவரம் சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. வேலைப்பளுவில் இருப்பவர் படிக்காமலே "சரி" என்று பதில் போடுவார். இடம் மாறிப் போனவர் பதிலே போடமாட்டார். உதவி தேடுபவர் எந்த எண்ணை அழைப்பாரோ அதே எண்ணை நீங்களும் அழையுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை, ஒன்று காலையில், ஒன்று மாலையில். இரண்டுக்கும் பதில் இல்லை, இரண்டு வேலை நாளுக்குள் திருப்பி அழைக்கவும் இல்லை என்றால் அந்தப் பெயரைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். ஓர் அழைப்புக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 60 பெயர் கொண்ட பட்டியலில் ஒரு சுற்றுக்கு 5 மணி நேரம் ஆகும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சுற்று இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சரிபார்த்த 12 பெயர்கள் கொண்ட பட்டியல், சரிபார்க்காத 60 பெயர்களைவிட எங்களுக்கு மேலானது.

அடுத்தது, ஒரு பதிவில் என்ன எழுதுவது என்பது. "அன்பான, பாதுகாப்பான, முழுமையான அணுகுமுறை" போன்ற வரிகள் எல்லாப் பதிவிலும் இருக்கின்றன. அதனால் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. சங்கப் புலவர்களின் ஆற்றுப்படை நினைவிருக்கலாம். பரிசில் பெற்ற பாணன் எதிரே வரும் பாணனுக்கு, எந்த வழி, இடையில் என்ன நிலம், போய்ச் சேர்ந்தால் எப்படி வரவேற்பார்கள் என்று விவரமாகச் சொல்லி அனுப்புவான். தெரபிஸ்ட் பட்டியலும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்.

முதலில் தொழில் எது என்பது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மதிப்பீடு செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. "ஆலோசகர்" என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பே இல்லை. இரண்டு நாள் பயிற்சி எடுத்தவரும் முறையான மேற்பார்வையில் பல ஆண்டு பயின்றவரும் ஒரே பெயரில் பலகை மாட்டலாம். அதனால் பட்டம், பதிவெண், அந்தப் பதிவெண்ணை எந்த அமைப்பிடம் சரிபார்க்கலாம் என்ற மூன்றும் பதிவில் இருக்கட்டும். பதிவெண்ணை நீங்களே ஒருமுறை சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

சிறப்புத் துறை என்ற பகுதிதான் மிக அதிகமாகக் கெட்டுப்போயிருக்கிறது. முப்பது பிரச்சினைகள் அச்சிட்டிருக்கும் படிவத்தில் பலர் முப்பதையும் டிக் செய்துவிடுகிறார்கள். பிறகு தேடுபவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதே நாற்பது பேர்தான் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு ஐந்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த முறையைப் பயன்படுத்துகிறார், அதில் எங்கே பயிற்சி பெற்றார் என்று ஒரு வரி கேளுங்கள். இதில் நாங்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணச் சுழற்சி நோயை (ஓ.சி.டி.) எடுத்துக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டினேனா, கை சுத்தமாக இருக்கிறதா என்ற சந்தேகம் திரும்பத் திரும்ப வரும். அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்கும் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதுதான் அதற்கு நிலைபெற்ற பேச்சு வழிச் சிகிச்சை. அந்தப் பயிற்சி இல்லாத நல்லெண்ணக்காரர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே புதிய சரிபார்ப்பாக மாறி நோயை வளர்க்கும். வருபவருக்கு அமர்வு இதமாக இருக்கும். நோய் மட்டும் முற்றிக்கொண்டே போகும்.

"இவற்றைப் பார்ப்பதில்லை" என்ற வரியும் கட்டாயம் வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர். உணவைத் தவிர்த்து உடல் மெலிந்துபோனவருக்கும் அப்படியே. இதயத் துடிப்பும் ரத்தத்தின் உப்புச் சத்துகளும் கண்காணிக்கப்படாமல் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதாது. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவை மனச்சோர்வு போலவே காட்சி தரும். அதனால் பட்டியலின் முகப்பிலேயே, பொது மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லும் இரண்டு வரி இருந்தால், பலருக்கு வீண் மாதங்கள் மிச்சமாகும்.

பிரச்சினைகளின் பெயர்களை மக்கள் பேசும் சொல்லிலும் கொடுங்கள். "பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு" என்று யாரும் தேடுவதில்லை. "நெஞ்சு படபடக்கிறது", "தூக்கம் வரவில்லை", "கோபத்தை அடக்க முடியவில்லை", "எதிலும் பிடிப்பில்லை" என்றுதான் தேடுகிறார்கள்.

கட்டணம் எழுதுங்கள். "தொடர்புகொள்ளவும்" என்று எழுதுவது, கூச்சத்தோடு நிற்பவரை விலை கேட்க வைப்பது. ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வராமல் போனால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், குறைந்த கட்டண இடங்கள் உண்டா என்பதெல்லாம் வேண்டும். அமர்வு 50 நிமிடம் என்பது பரவலான வழக்கம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கு வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். ஓர் அமர்வின் கட்டணத்தைப் பார்த்து "சமாளிக்கலாம்" என்று தொடங்கி ஐந்தாவது வாரத்தில் பாதியில் நிறுத்துபவர், தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறார். மொத்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று திட்டமிட்டிருப்பார்.

"பக்கத்தில்" என்ற சொல்லுக்கும் இதே கணக்கு உண்டு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் 50 நிமிட அமர்வு வாரத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தைக் கேட்கிறது. முதல் மாதம் சமாளிக்க முடியும். நான்காவது மாதம் முடியாது. அதே சமயம், மிகப் பக்கத்தில் இருப்பதும் சிக்கல். சிறிய ஊரில் தெரபிஸ்ட் உறவினராகவோ, பிள்ளையின் ஆசிரியராகவோ, மேலதிகாரியின் நண்பராகவோ இருக்கலாம். ஆகவே அடுத்த பகுதியின் பெயர்களையும் சேர்த்தே கொடுங்கள். காணொளி வழி அமர்வு உண்டா என்பதோடு, வீட்டில் தனியறை இல்லாதவருக்கு அது உதவாது என்பதையும் எழுதுங்கள். படிக்கட்டு உண்டா, சக்கர நாற்காலி போகுமா, வாசல் கடைத்தெருவைப் பார்த்திருக்கிறதா, நினைவூட்டல் குறுஞ்செய்தியில் மையத்தின் பெயர் தெரியுமா என்பவை சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். கைபேசியை வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள் என்று அஞ்சுபவர் வருவதும் வராததும் அந்தக் கடைசி விவரத்தில் இருக்கிறது.

நட்சத்திர மதிப்பெண்ணும் பொதுக் கருத்துகளும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ரகசியம் காக்க வேண்டிய தெரபிஸ்ட், ஒரு புகாருக்குப் பொதுவெளியில் பதில் சொல்ல முடியாது. புகார் சொன்னவர் தம்மிடம் வந்தார் என்று ஒப்புக்கொள்வதே மீறல். புகார் சொல்ல வேண்டிய ஒழுங்குமுறை அமைப்பின் முகவரியை அந்த இடத்தில் போடுங்கள்.

இனி தெரபிஸ்ட்களுக்கு. முதல் அழைப்பை எடுக்க முடியாமல் போவது இயல்பு, அமர்வில் இருப்பீர்கள். ஆனால் "எந்த நாளில், எத்தனை மணிக்குத் திருப்பி அழைப்பேன்" என்ற பதிவுச் செய்தி இருக்கட்டும். இடமில்லையென்றால், இடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்த இரண்டு பெயர்களைச் சொல்லி அனுப்புங்கள். காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தால் எத்தனை வாரம் என்று சொல்லுங்கள். முடிந்தால் 15 நிமிடக் கட்டணமில்லாத் தொலைபேசிப் பேச்சு ஒன்றைக் கொடுங்கள். அதில் முழுக் கதையையும் கேட்க வேண்டாம். என்ன தொந்தரவு, எவ்வளவு காலமாக, இதற்கு முன் என்ன சிகிச்சை, தற்கொலை எண்ணம் உண்டா என்பவை போதும். கடைசிக் கேள்வியை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. தேடுபவருக்கும் இது நல்ல அளவுகோல். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் முதல் இரண்டுக்கு விடை தெரியவில்லை என்றால் அதைத் தெரபிஸ்டிடமே கேட்கலாம், வேறொருவரிடமும் போகலாம். மாறுவது நன்றிகெட்டதனம் ஆகாது என்று பட்டியலில் எழுதிவையுங்கள். முன்னேற்றத்தை அளக்க, மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளையும் இணைக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும்; மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10-ம் அதற்கு மேலும் வந்தால் மதிப்பீட்டுக்குப் போகச் சொல்லலாம். சிகிச்சையில் 5 புள்ளி குறைந்தால் அது கவனிக்கத்தக்க மாற்றம். அந்தத் தாள் நோயை முடிவுசெய்யாது என்ற வரியையும், சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணங்களைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" தவிர எந்த விடை வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் உடனே ஒருவரிடம் பேச வேண்டும் என்ற வரியையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

அழைக்கக் கூச்சப்படுபவர்களுக்கு, நகலெடுத்து அனுப்பக்கூடிய ஒரு செய்தியைப் பட்டியலோடு கொடுங்கள். நாங்கள் தருவது இது:

"வணக்கம். என் வயது __. கடந்த __ வாரமாக __ தொந்தரவு இருக்கிறது. புதியவர்களைப் பார்க்கிறீர்களா? __ கிழமைகளில் __ மணிக்கு மேல் எனக்கு வசதி. இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், தயவுசெய்து அழைக்க வேண்டாம்."

கடைசி வாக்கியம் வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்வார்கள். வேண்டியவர்களுக்கு அது மிக முக்கியம். சொந்த வரலாற்றை முதல் செய்தியில் கொட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த எண்ணை வேறு யார் பார்க்கிறார்கள் என்பது இன்னும் தெரியாது.

அவசர உதவி எண் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள். சாகும் வழியை யோசித்து வைத்திருப்பவரும், அதற்கான பொருளைக் கையில் வைத்திருப்பவரும் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அவர் கண்ணில் முதலில் பட வேண்டியது அந்த எண். தெரபிஸ்ட்களின் பெயர்கள் அதற்குக் கீழே வரட்டும்.

இந்த வாரமே உங்கள் பட்டியலின் முதல் பத்து எண்களை, அவர்களுக்குத் தெரியாத ஒரு கைபேசியிலிருந்து மாலை ஆறரை மணிக்கு அழைத்துப் பாருங்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதியைச் சரிபார்க்க ஆள் போதவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். அழைப்பில் கேட்க வேண்டிய கேள்விகளின் தாள் எங்களிடம் தயாராக இருக்கிறது, பட்டியலைப் பங்கிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
வழி கேட்டு வருபவர்களின் முதல் அழைப்பை எடுப்பவர்கள்