ஆண்டு விழா: பெற்றோர்களின் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கபடி அணி மாவட்டம் வரை போய் வந்தது. கலைத் திருவிழாவில் வட்டார அளவில் சில பரிசுகள் கிடைத்தன. மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி.

அடுத்தது ஆண்டு விழா.

நிகழ்ச்சிப் பட்டியலில் பறையாட்டம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் அறைக்கு வரும் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். சிலர் பிள்ளையின் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். "பழக்கப்பட்ட பிள்ளைங்கதான் இருக்காங்களே, அவங்களே அடிக்கட்டுமே" என்றார் ஒருவர். மேடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வரும்போது வாசலில் அடித்தால் போதும் என்று ஒரு யோசனையும் வந்தது. நேரில் வந்து பேசியவர்களை மதிக்கிறேன். பதிலை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவதுதான் முறை.

இந்த நிகழ்ச்சி திடீரென்று முளைத்ததல்ல. தமிழ் மன்றத்தில் இந்தப் பருவம் பிள்ளைகள் பேசியது பேராசிரியர் கே.ஏ. குணசேகரனைப் பற்றி. சிவகங்கைப் பக்கம் மாரந்தை என்ற சிற்றூரில் 1955இல் பிறந்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராகவும், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். நாட்டுப்புறக் கலையை ஆய்வு செய்ததோடு நிற்காமல், தானே மேடையேறிப் பாடியவர். இளையான்குடி முஸ்லிம் மக்கள் சாதி பாராமல் பழகியதையும், மற்ற இடங்களில் தன்னைச் சாதி துரத்தியதையும் 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் "நாமளும் பறை கத்துக்கலாமா" என்று கேட்டார்கள். கை தூக்கியவர்களின் பெயரை எழுதிக்கொண்டோம். யார் எந்தத் தெரு என்று பார்க்கவில்லை.

பயிற்சி கடைசி பாடவேளைக்குப் பிறகு, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தணலுக்குக் காட்டி, விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். மந்தமாக இருந்த தோல் சூடேற ஏறக் கணீரென்று பேசுகிறது. இடக்கையில் மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. அவரவர் பறையை அவரவரே காய்ச்ச வேண்டும், இன்னொருவரை ஏவக் கூடாது என்பதுதான் பயிற்சியாளர் போட்ட ஒரே விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

வேறொரு தந்தையும் வந்தார். "எங்கப்பாவை இழவு வீட்டுக்கு அடிக்கக் கூப்பிட்டு, கூலிக்குக் காத்துக் கிடக்க வச்சதைப் பார்த்தவன் நான். அந்தக் குச்சியை என் பையன் தொடக் கூடாதுன்னுதான் படிக்க வைக்கிறேன்" என்றார். அவரிடம் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கே பெயரை எடுத்துவிட்டோம். அப்படி நினைக்கும் எந்தக் குடும்பமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். பிறப்பைக் காட்டி ஒருவரை அடிக்க வைத்ததுதான் அங்கே நடந்த கொடுமை. "அவங்களே அடிக்கட்டும்" என்று இன்று கேட்பதும் அதையேதான் கேட்கிறது.

பத்தாம் வகுப்பில் ஐந்திணைக் கருப்பொருளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்: குறிஞ்சிக்குரிய பறை தொண்டகம், பாலைக்குரிய பறை துடி. பறைக்கு மதிப்பெண் உண்டு, மேடை கிடையாதா? பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை கைதட்டல்கள் வந்தன என்பதும் நினைவிருக்கிறது.

அந்தக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறைக் குழுவில் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுச் சென்ற வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. நீக்கிவிட்டோம். இன்னொன்று வந்தால் நீக்குவதோடு விடமாட்டேன்; எழுத்துமூலம் மேலிடத்துக்குப் போகும். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் தள்ளி உட்கார்ந்த பிள்ளையை நான் பார்த்தேன். பறையாட்டம் மேடையில்தான் நடக்கும், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அடுத்த நிகழ்ச்சியாக. இதில் மாற்றமில்லை.

உங்கள் தயக்கம் ஒரே நாளில் போய்விடாது என்று எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு மாலை வந்து பயிற்சியைப் பாருங்கள். வேண்டாம் என்று வந்த ஒரு தாய், பார்த்துவிட்டு மறுநாள் சலங்கை வாங்கிக் கொடுத்தார். பயிற்சி 5.15க்கு முடியும், தூரத்துப் பிள்ளைகளைப் பேருந்து ஏற்றிவிட ஆசிரியர் ஒருவர் உடன் வருவார். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

விழாவுக்குப் பந்தல், நாற்காலி, குடிநீர் என்று கேட்காமலே பொறுப்பேற்றுக்கொண்ட பெற்றோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்